மெட்டுக்கு நடுவே இருப்பது

எங்கள் விளையாட்டுப் பிரிவில் ‘பிரசன்னா’ என்று யாராவது சொன்னால் அது ஒரே ஆள்தான். எரப்பள்ளி பிரசன்னா. 49 டெஸ்ட், 189 விக்கெட். கூடவே ‘கிண்டி’ என்றும் சொல்லிவிட்டால் மூத்தவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே திருத்துவார்: “கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சது வெங்கட்ராகவன்பா. பிரசன்னா மைசூர்ல படிச்சவர்.” இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள், இருவரும் இன்ஜினியர்கள், இந்திய அணியில் இருவருக்கும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி. மெட்ராஸ்காரர்கள் வெங்கட் பக்கம் நின்று போட்ட சண்டையின் சூடு இன்னும் முழுக்க ஆறவில்லை.

இந்த வாரம் அலசப்போவது மூன்றாவது ஓர் இன்ஜினியரை. பெயர் பிரசன்னா, படித்த இடமும் கிண்டிப் பக்கம்தான். ஆனால் சர்தார் படேல் சாலையில் அண்ணா பல்கலைக்கு எதிர்ச்சாரியில், ஐ.ஐ.டி.யில். படிப்பு, கப்பல் வடிவமைப்பு. கையில் இருந்தது கிட்டார். “இது சினிமா பக்கத்துக்குப் போகவேண்டியது இல்லையா?” என்று ஆசிரியர் கேட்டார். ஒரு பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் பற்றி 800 வார்த்தை எழுத விடுகிறவர், ஒரு கிட்டார்காரரின் மோதிர விரலுக்கு இடம் தரமாட்டாரா? தந்தார்.

ராணிப்பேட்டையில் பிறந்தவர் பிரசன்னா. கர்நாடக இசையைத் திருவாரூர் எஸ்.பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் கலைஞர் ஏ.கன்யாகுமரியிடமும் கற்றவர். ஐ.ஐ.டி. முடித்து, பின்னால் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். சபா மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிட்டாரில் கீர்த்தனை வாசிப்பவராகத்தான் மயிலாப்பூர் அவரை அறியும். ராக் கிட்டார்காரர் பிரசன்னாவை அந்த அளவுக்கு அறியாது. எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் முக்கியம். இன்னும் சொன்னால், முதல் ஆளை உருவாக்கியதில் பாதி இரண்டாவது ஆள்.

கிண்டியின் ராக் என்றால் என்ன என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். காட்டை ஒட்டி 1959-ல் எழுந்த வளாகம் அது. உள்ளே ஆலமரங்கள், மான்கள், நடுவில் ஒரு திறந்தவெளி அரங்கம். சனிக்கிழமை இரவு அங்கே சினிமா. வருடத்தில் ஒருமுறை கலைவிழா. இப்போது ‘சாரங்’; 1996 வரை அதன் பெயர் ‘மார்டி கிரா’. பிரசன்னா படித்தது அந்தப் பழைய பெயரின் காலத்தில். ஊரில் உள்ள மற்ற கல்லூரிக்காரர்கள் எல்லாம் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மத்திய கைலாஷில் இறங்கி நடந்து போவோம். நானும் அதில் ஒருவன். கல் படியில் பகல் வெயிலின் சூடு இரவு ஒன்பது மணிக்கும் இருக்கும். கொசு இருக்கும். மேடையில் நாலு பையன்கள் ஆம்ப்ளிஃபையரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ‘செக், செக், மைக் செக்’ என்பதே முதல் பாட்டாக இருபது நிமிடம் ஓடும்.

அந்தக் கூட்டத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தது, அதைப் பற்றி எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. கேசட்டில் இருப்பது போலவே வாசிக்கிறானா? அவ்வளவுதான். டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் பாட்டில் வரும் சோலோவை நோட்டுக்கு நோட்டு எடுத்துவிட்டால் கைதட்டல் காட்டைத் தாண்டிக் கேட்கும். “அடுத்து நாங்களே எழுதின பாட்டு” என்று பாடகர் மைக்கில் சொன்னதும் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிடுவோம். நானும் எழுந்திருக்கிறேன். எங்கள் தலைமுறையில் அருமையான கைகள் இருந்தும் சொந்தப் பாட்டு ஏன் அத்தனை தாமதமாக வந்தது என்று கேட்டால், காரணத்தில் ஒரு பங்கு அந்த டீக்கடையில் நின்றது.

காப்பி அடிப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. எழுதிய நோட்டேஷன் கிடைக்காது. யூடியூப் என்ற சொல்லே பிறக்கவில்லை. டேப் ரிக்கார்டர் ஒன்றுதான் குரு. பிளே, ஸ்டாப், ரிவைண்ட். மூன்று விநாடித் துண்டை நாற்பது தடவை கேட்டால் நாடா தேய்ந்து, சுருதி இறங்கி, கிட்டாரை அதற்கு ஏற்ப மறுபடி இறக்கவேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்ற காதுக்கு ஒரு விஷயம் தெரியும், புத்தகத்தில் படித்தவனுக்குத் தெரியாதது: நோட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்கு அந்த ஆள் எப்படிப் போனான் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ராத்திரி போதாது.

அப்படிப் போகும் வழிக்குக் கர்நாடக இசையில் ஒரு பெயர் உண்டு. கமகம்.

வீணையில் கம்பிக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டைக்கு ‘மெட்டு’ என்று பெயர். மெழுகில் பதித்த 24 மெட்டுகள். பாட்டுக்கு அமைக்கும் இசையையும் நாம் மெட்டு என்றுதான் சொல்கிறோம். மெட்டுப் போட்டாச்சா, வரி வந்தாச்சா என்று சினிமாக்காரர்கள் கேட்பது அந்த மெட்டு. ஆனால் வீணை வித்வானின் வேலை மெட்டின் மேல் பாதி என்றால், மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் பாதி. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் மூன்று, நான்கு ஸ்வரம் வரை எட்டலாம். கிட்டாரின் ஃப்ரெட் அவ்வளவு உயரம் கிடையாது, அந்த அளவு இழுவைக்கு இடமும் தராது. மெல்லிய கம்பி போட்டு மூன்று விரலைச் சேர்த்துத் தள்ளினால் ஒன்றரை, இரண்டு ஸ்வரம். அதற்கு மேல் போனால் கம்பி அறுந்து கன்னத்தில் கோடு போடும். அனுபவம்.

இன்னொரு சிக்கல். கம்பியை எந்தப் பக்கம் இழுத்தாலும் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. அப்படியானால் தோடியின் காந்தாரத்தை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும் அந்த ஸ்வரத்தை, எப்படி வாசிப்பது? கீழே உள்ள ஃப்ரெட்டில் விரலை வைத்து, மேலே தள்ளி, மறுபடி விட்டு, மறுபடி தள்ளி. அல்லது ஒரே கம்பியில் விரலை முன்னும் பின்னும் சறுக்கி. மேலிருந்து இறங்கும் பிடி வேண்டுமென்றால், சத்தம் வருவதற்கு முன்பே கம்பியை இழுத்துவைத்துக்கொண்டு, பிறகு மீட்டி, மெல்ல விடவேண்டும். இந்தக் கடைசி வித்தையை ப்ளூஸ் கிட்டார்காரர்கள் ‘ப்ரீ-பெண்ட்’ என்பார்கள். பி.பி.கிங் போன்றவர்களின் வழி வந்த கைவேலை அது. மிசிசிப்பி ஆற்றங்கரைக்காரனும் காவிரிக்கரைக்காரனும் கலந்து பேசிக்கொண்டது கிடையாது. கம்பி ஒன்று என்பதால் இருவர் விரலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிரசன்னாவின் இடது கையை உற்றுப் பார்த்தால் இந்த இரண்டு பாடசாலைகளும் ஒரே பிடிக்குள் இருப்பது தெரியும். காம்போதியில் ஒரு நீண்ட பிடியைச் சறுக்கலில் தொடங்குவார், நடுவில் தள்ளலுக்கு மாறுவார், தையல் தெரியாது. எரப்பள்ளி பிரசன்னா பந்தைக் காற்றில் நிறுத்தியதாகப் பெரியவர்கள் சொல்வார்களே, பேட்ஸ்மேன் காலை முன்னால் வைத்த பிறகும் பந்து வந்துசேராது என்று, அந்த மாதிரி ஒரு தாமதம் இவருடைய கமகத்திலும் உண்டு. ஸ்வரம் வரப்போகிறது என்று காது முன்னால் போய் நிற்கும். அது அரை விநாடி கழித்து வரும்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகம் அவர் தொடங்கிவைத்ததல்ல. அவருக்கு முன்பே சுகுமார் பிரசாத் அதைச் செய்து காட்டியிருந்தார். மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் என்ற சிறுவன் எண்பதுகளில் மெட்ராஸ் சபாக்களைக் கலக்கிய பிறகு, ‘மின்சாரம் ஓடும் வாத்தியத்தில் தியாகராஜரா?’ என்று முகம் சுளித்தவர்களும் பழகிப்போனார்கள். பிரசன்னாவின் தனிக்கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. மேற்கத்திய வாத்தியத்தில் கர்நாடகம் வாசித்தது பாதி ஆட்டம்தான். அதே கையோடு திரும்பி ராக் பக்கம் போய், அங்கே சொந்தமாகப் பாட்டு கட்டினார் பாருங்கள், அதுதான் இரண்டாவது இன்னிங்ஸ்.

அந்த இன்னிங்ஸின் பெயர் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’. 2006-ல் வந்த ஆல்பம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968-ம் ஆண்டு இரட்டை இசைத்தட்டு ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ தெரிந்தவர்கள் தலைப்பைப் படித்ததுமே சிரித்துவிடுவார்கள். ஹெண்ட்ரிக்ஸ் சியாட்டில்காரர், இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்கான ஸ்ட்ராடோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு வாசித்தவர். 1970-ல் லண்டனில் இறந்தபோது வயது 27. புகழோடு இருந்தது நாலே வருடம். அந்த நாலு வருடத்துக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரால் என்னவெல்லாம் முடியும் என்ற எல்லையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார். ஆம்ப்ளிஃபையர் பக்கம் கிட்டாரைத் திருப்பி, மீட்டிய ஸ்வரம் சாகாமல் அலறிக்கொண்டே நிற்கும்படி செய்தவர். வீணையில் மீட்டியது சில விநாடியில் கரைந்துபோகும். பெரிய கமகத்துக்கு நடுவில் இன்னொரு மீட்டு வேண்டும். சாகாத ஸ்வரம் கிடைத்தால் ஒரு கர்நாடகக் கலைஞனுக்கு அது வரப்பிரசாதம். நாதஸ்வரக்காரரின் மூச்சு அவன் விரலுக்குக் கிடைத்துவிடுகிறது.

ஹெண்ட்ரிக்ஸின் பாட்டுகளை அப்படியே திருப்பி வாசித்துக் காட்டும் ஆல்பமாக பிரசன்னா அதைச் செய்திருக்கலாம். திறந்தவெளி அரங்கத்துக் கல் படியில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் கைதட்டியிருப்போம். அவர் புதிதாக எழுதினார். தலைப்புகளைப் பாருங்கள்: ‘எரப்ஷன் இன் பெங்களூர்’, ‘டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்’, ‘பாட் பெல்லி ப்ளூஸ்’, ‘ஃபோர்த் ஸ்டோன் ஃப்ரம் தி சன்’, ‘ஸ்ரீ ஜிமி’. வான் ஹேலனின் புகழ்பெற்ற கிட்டார் சோலோவின் பெயர் ‘எரப்ஷன்’. அந்த எரிமலையை பெங்களூருக்கு இடம் மாற்றிவிட்டார். ஹெண்ட்ரிக்ஸ் சூரியனிலிருந்து மூன்றாவது கல்லைப் பற்றி வாசித்தார், இவர் நாலாவதற்குப் போய்விட்டார். ட்ரிப்ளிகேனில் வரும் ‘சண்டே’ ஞாயிற்றுக்கிழமை அல்ல, ஐஸ்கிரீம். தொந்தி வயிற்றின் ப்ளூஸ் யாருடையது என்று பிள்ளையார் சுழி போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம்.

வார்த்தையில்லாத பாட்டுக்குத் தலைப்பு மட்டும்தான் வரி. நினைவுக் குறிப்பை அந்தத் தலைப்புகளிலேயே எழுதிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த சாமி, எந்த கேசட் என்று எல்லாம் அங்கே இருக்கிறது. ராக் டிரம்ஸ் செய்யவேண்டிய வேலையை அதில் நம் தாள வாத்தியங்கள் செய்கின்றன. டிரம்ஸ் என்றால் இரண்டிலும் நாலிலும் ஓங்கி அடித்து நிற்கும்; நம் ஆட்கள் கணக்குப் போட்டுக் கோர்வை வைத்து சமத்தில் வந்து விழுகிறார்கள். கிட்டார் அங்கே உறுமிக்கொண்டு போய் நிற்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு ராக் கச்சேரி நினைவுக்கு வரவில்லை. சாமி புறப்பாடு நினைவுக்கு வந்தது.

இங்கே ஒரு சின்ன விளையாட்டு. வீட்டில் கிட்டார் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட், நாலாவதில் ஆறு, மூன்றாவதில் ஏழு, இரண்டாவதில் சுண்டு விரலை எட்டில். இதுதான் ஈ செவன் ஷார்ப் நைன். 1967-ன் ‘பர்ப்பிள் ஹேஸ்’ வழியாக ஹெண்ட்ரிக்ஸ் பெயரே ஒட்டிக்கொண்ட கார்டு. மேற்கத்திய இசைக் கணக்கில் இது கொஞ்சம் போக்கிரித்தனம். சிரிக்கும் காந்தாரமும் அழும் காந்தாரமும், அதாவது மேஜரும் மைனரும், ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. அந்த உரசல்தான் அதன் ருசி.

இப்போது அதே நாலு ஸ்வரத்தை நம் பெயரில் எழுதுங்கள். ஸட்ஜம். அந்தர காந்தாரம். மைனர் ஏழாவது என்பது நமக்கு ஷட்சுருதி தைவதம். சுண்டு விரலில் இருக்கும் அந்த ‘மைனர் காந்தாரம்’ ஷட்சுருதி ரிஷபம். நாலும் ஒரே மேளத்தில் வருகின்றன: 36-வது மேளம், சலநாட்டை. அதன் வீட்டுப் பிள்ளைதான் நாட்டை. கச்சேரியின் தொடக்கத்தில் பிள்ளையாருக்குப் பாடும் ராகம். முத்துசுவாமி தீட்சிதரின் ‘மகா கணபதிம்’ எந்த ராகம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கணேசரையும் ஹெண்ட்ரிக்ஸையும் ஒரே தலைப்பில் கோர்த்தபோது பிரசன்னா இதை நினைத்தாரா என்பது என் பிரச்சினை இல்லை. இதை எழுதிப் பார்த்த நாளில்தான் எட்டாவது ஃப்ரெட்டுக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எங்கள் மாடியில் குடியிருந்த வீணை டீச்சர் மாமியிடம் இதை வாசித்துக் காட்டினேன். காபி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, “ஸ்வரம் சரிதான்டா. ஆனா ரிஷபம் ஆடலையே. அசையாம நின்னா அது நாட்டையே இல்ல” என்றார். ஆட்டிப் பார்த்தேன். கார்டில் மற்ற மூன்று விரலையும் அப்படியே வைத்துக்கொண்டு சுண்டு விரலை மட்டும் ஆட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும்.

மாமி சொன்னது எனக்கு ஹாஸ்யமாக மட்டும் படவில்லை. ராக் இசை கார்டின் மேல் நிற்கிறது, ராகம் அசைவின் மேல் நிற்கிறது. நாலு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றை மட்டும் ஆட்டினால் மற்ற மூன்றோடு மோதும். இந்த மோதலை இளையராஜா சினிமாவில் எத்தனையோ விதமாகத் தீர்த்துவைத்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், கிளாசிக்கல் கிட்டாருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வு எழுதியவர். எங்கள் வயதுக்காரர்களுக்கு அவர்தான் முதல் கிட்டார் வகுப்பு. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் ஆர்.சந்திரசேகர் வாசித்த கிட்டாரை எடுக்கத் தெரியாத பையனைக் கல்லூரி இசைக்குழுவில் சேர்க்கவே மாட்டார்கள். பிரசன்னாவும் இளையராஜாவின் தாக்கத்தை மறைக்காமல் சொல்பவர். பின்னால் இளையராஜாவின் ஒலிப்பதிவுகளிலும் ரஹ்மானின் ஒலிப்பதிவுகளிலும் வாசித்திருக்கிறார். ரஹ்மானே ‘ரூட்ஸ்’, ‘நெமெசிஸ் அவென்யூ’ என்று சென்னை ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்துத்தான் வந்தார். நமக்கு ராக் வந்த வழி சினிமா கொட்டகை வழியும்கூட என்பதை ராக் ரசிகர்கள் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன், அலசல் என்று பெயர் வைத்துவிட்டு ஆரத்தி எடுக்கக்கூடாது.

ஒன்று, வேகம். பிரசன்னாவுக்குக் கை இருக்கிறது, அது சில சமயம் தேவைக்கு மேல் இருக்கிறது. அந்தக் கை மெதுவாக நடக்கும்போதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஓடத் தொடங்கினால் ஸ்கோர்போர்டு நகர்கிறது, ஆட்டம் நகர்வதில்லை. இரண்டு, டிஸ்டார்ஷன். உறுமும் ஒலி ஸ்வரத்தை நீட்டித் தருகிறது, உண்மை. ஆனால் கமகத்தின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் போகும் அனுஸ்வரங்களை அதே உறுமல் விழுங்கிவிடுகிறது. அதனால் அவருடைய கர்நாடகக் கச்சேரியில் சுத்தமான ஒலியில் நான் கேட்ட பைரவி, ராக் பக்கத்தில் எனக்குக் கிடைக்கவே இல்லை.

மூன்றாவது அவர் குறை இல்லை, நம் குறை. ராக் பாட்டு என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை குளியலறையில் கத்திப் பாட வேண்டும். சென்னை ராக் முப்பது வருடம் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தது, பிறகு பிரசன்னா மாதிரி வார்த்தையே இல்லாமல் வாசித்துப் பார்த்தது. தமிழில் கத்தும் பாட்டு வேறு திசையிலிருந்து வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது, டென்மாவின் இசையமைப்பில் எலெக்ட்ரிக் கிட்டாரும் கானாவும் பறையும் ஒரே வரிசையில் நின்றன. கிண்டியின் கல் படிக்கும் அந்த மைதானத்துக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். கடக்க அத்தனை வருடம் ஆனது.

ராக்குக்குள் கமகத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கேரளத்தில் ‘மதர்ஜேன்’ குழுவின் பைஜு தர்மஜன் வேறு பதில் சொன்னார். 2008-ன் ‘மக்தூப்’ ஆல்பத்தைக் கேளுங்கள். அவர் கமகத்தைப் பாடகரின் வரிக்கு நடுவில் ஊறுகாய் மாதிரி தொட்டுவைப்பார். பிரசன்னாவுக்குக் கமகம்தான் சாப்பாடு. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் முதலில் கை போவது சாப்பாட்டுக்குத்தான்.

புகழ் விஷயத்தில் பிரசன்னாவுக்கு வாய்த்த நேரத்தைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் ரஹ்மான் இரண்டு ஆஸ்கரோடு மேடையில் தமிழ் பேசிய இரவை யாரும் மறக்கவில்லை. அதே இரவில் சிறந்த ஆவணக் குறும்படமாகத் தேர்வானது ‘ஸ்மைல் பிங்கி’. உதட்டுப் பிளவோடு பிறந்த உத்தரப் பிரதேசச் சிறுமியின் கதை. அதற்கு இசை பிரசன்னா. எங்கள் அலுவலகத்தில் அன்று லட்டு கொடுத்தார்கள். ஒருவருக்கும் இது தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். அடுத்த வருடம் அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுவர்ணபூமி இசை அகாடமியைத் தொடங்கினார். 2011-ல் பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டாவோடு ‘தீர்த்தா’ ஆல்பம். அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதவேண்டும். அதற்குள் நுழைந்தால் இந்தப் பக்கம் போதாது.

போன வாரம் வேறு வேலையாக அடையாறு போகும்போது சர்தார் படேல் சாலையில் சிக்னல் விழுந்தது. இடது பக்கம் வெங்கட் படித்த கல்லூரி, வலது பக்கம் இந்த பிரசன்னா படித்த கல்லூரி. மெட்ரோ வேலை, தகரத் தடுப்பு, ஹாரன். வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்து என் பழைய கிட்டாரை இறக்கினேன். உறைக்குள் ஒரு நாப்தலின் உருண்டை இருந்தது, நான் போட்டதாக நினைவில்லை. ஈ செவன் ஷார்ப் நைன் பிடித்துப் பார்க்கலாம் என்று விரலை வைத்தால் மூன்றாவது கம்பி இல்லை. எப்போதோ தோடி காந்தாரத்துக்குத் தள்ளியபோது அறுந்தது. மவுண்ட் ரோடு பக்கம் போகும்போது வாங்கவேண்டும். தைவதம் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். மாடியிலிருந்து மாமி குரல் கொடுத்தார்: “இன்னும் ஆடலடா.”